அப்பா விட்டுப்போன வீடு: விற்பதா, உடன்பிறந்தவர் பெயருக்கு மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா?

அப்பா காலமாகி முதல் திவசம் முடிந்ததும் வீட்டைப் பற்றிய பேச்சு மெல்லத் தலைதூக்கும். ஒருவர் விற்றுவிடலாம் என்பார். இன்னொருவர் அம்மா இருக்கும்வரை கைவைக்க வேண்டாம் என்பார். வெளிநாட்டில் இருப்பவர் "நீங்க எல்லாரும் என்ன சொல்றீங்களோ அதுதான்" என்பார். இதற்கு நடுவில் யாராவது "வித்தா பாதி வரிக்கே போயிடும்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு எல்லா யோசனையும் அந்தப் பயத்தைச் சுற்றியே போகும்.

பாதி போகாது. அப்பா காலத்து வீட்டை விற்றால், வரி பெரும்பாலும் விற்ற விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். அதையும் குறைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வரியை முதலில் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அதன் பிறகு, அந்த வீடு யாருக்கு எதற்குத் தேவை என்று பேசுங்கள். வரிக்குப் பயந்து வீட்டின் கதியைத் தீர்மானிப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகச் செலவு வைக்கிற தப்பு.

கீழே உள்ள கணக்கு 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025-இன்படி பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்களே இருப்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

வாரிசாக வந்ததற்கு வரி இல்லை, விற்கும்போதுதான்

இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு விதித்த எஸ்டேட் டூட்டி என்ற வரி இந்தியாவில் 1985-லேயே ஒழிக்கப்பட்டது. அதனால் வீடு அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்ததற்கு ஒரு பைசா வரி கிடையாது. நீங்கள் விற்கும் நாளில்தான் மூலதன ஆதாய வரி, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரி என்ற பேச்சே எழும். அப்போது சட்டம் உங்களை அப்பாவின் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை, அவர் வாங்கிய நாளிலிருந்துதான் உங்கள் காலக்கணக்கும். அவர் காலமாகி ஆறே மாதத்தில் விற்றாலும் அது நீண்டகால ஆதாயம்தான்.

பெட்டியைத் திறந்து மூலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் பத்திர எழுத்தரின் கையெழுத்தில், கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுச் சந்து என்று நான்கெல்லை விவரம் இருக்கும். அதற்கு மேலே, எழுத்தாலும் எண்ணாலும் கிரயத் தொகை: ரூபாய் எண்பத்தையாயிரம் என்பது போல. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். எண்பத்தையாயிரத்துக்கு வாங்கியதைத் தொண்ணூறு லட்சத்துக்கு விற்றால் மிச்சம் மொத்தமும் லாபமா என்று தோன்றும். அப்படி இல்லை. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், அன்றைய தேதியில் அதற்கு இருந்த சந்தை மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2020-21 முதல் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த மதிப்பு 1-4-2001 அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. வழிகாட்டி மதிப்பு மனைக்கு. கட்டடத்துக்குத் தனியாக மதிப்புப் போட வேண்டும். எனவே பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி வையுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை. லட்சக்கணக்கான வரி அந்த ஒரு தாளைச் சார்ந்திருக்கிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் 1986-இல் அப்பா வாங்கிய வீடு. உயில் எழுதாமல் 2022-இல் காலமானார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் நால்வருக்கும் சம பங்கு. மூத்தவர் அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார், இளையவர் சிங்கப்பூரில், தங்கை கோவையில். 1-4-2001 மதிப்பு 12 லட்சம், இன்றைய விலை 90 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 22.5 லட்சம்.

2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், அடக்க விலையை விலைவாசி உயர்வுக்கேற்ப உயர்த்திக் காட்டும் பணவீக்கக் குறியீட்டுச் சலுகை இல்லை. ஆனால் அந்தத் தேதிக்கு முன் கைக்கு வந்த நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் பழைய கணக்கான 20 சதவீதத்தைக் குறியீட்டோடு போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். குறியீடு 2001-02-க்கு 100, 2025-26-க்கு 376. மும்பை உயர் நீதிமன்றம் 2011-இல் சொன்ன தீர்ப்புப்படி, குறியீட்டை அப்பா வைத்திருந்த காலத்திலிருந்தே எண்ணலாம்.

புதிய கணக்கு: 90-இல் 12 போக 78 லட்சம். அதில் 12.5 சதவீதம் 9.75 லட்சம். பழைய கணக்கு: 12 லட்சம் குறியீட்டால் 45.12 லட்சமாகிறது, லாபம் 44.88 லட்சம். அதில் 20 சதவீதம் 8.98 லட்சம். இங்கே பழைய கணக்கு கொஞ்சம் மலிவு.

கையில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2025-26-இல் விற்கும் விலை 2001 மதிப்பைப் போல ஏறத்தாழ 8.4 மடங்குக்கு மேல் போனால் புதிய 12.5 சதவீதம் நல்லது, அதற்குக் கீழே என்றால் பழைய 20 சதவீதம். சென்னையில் நல்ல இடத்தில் உள்ள மனைகள் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். சிற்றூர்த் தெருக்களில் உள்ள வீடுகள் பல தாண்டாது. 2001-க்குப் பிறகு மாடி எழுப்பியிருந்தால் அதையும் அடக்க விலையில் சேர்க்கலாம். 2011-12-இல் 5 லட்சம் செலவழித்திருந்தால் குறியீட்டுக் கணக்கில் அது 10.2 லட்சமாக நிற்கும். பில்லோ வங்கிக் கணக்கோ இருக்க வேண்டும். 2001-க்கு முந்தைய மராமத்து கணக்கில் வராது. புரோக்கர் கமிஷன் ரசீதோடு கொடுத்தால் கழியும்.

வெளியாளுக்கு விற்றால்

நால்வரும் சேர்ந்து விற்றாலும் வரி குடும்பத்துக்கு மொத்தமாக இல்லை, ஆளாளுக்குத் தனி. மூத்தவருக்கும் தங்கைக்கும் 20 சதவீதக் கணக்கில் தலா 2.24 லட்சம், வரியின் மேல் விழும் 4 சதவீத செஸ் சேர்த்து 2.33 லட்சம். அம்மாவுக்கு வேறு வருமானமே இல்லை என்றால், புதிய வரிமுறையின் அடிப்படை விலக்கான 4 லட்சத்தை அவர் ஆதாயத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அந்த அளவுக்கு வரி வராது. சிங்கப்பூர்த் தம்பிக்குப் பழைய கணக்கும் இல்லை, அடிப்படை விலக்கும் இல்லை. அவர் பங்கு லாபம் 19.5 லட்சத்தில் 12.5 சதவீதம், செஸ்ஸோடு 2.54 லட்சம். மொத்தக் குடும்பத்துக்கும் 9 லட்சத்தை ஒட்டி வரும். தொண்ணூறில் ஒன்பது.

இதைக் குறைக்க இரண்டு வழிகளைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஒன்று, பிரிவு 54. விற்றதற்கு ஓராண்டு முன்போ இரண்டாண்டுக்குள்ளோ இன்னொரு வீடு வாங்குவது, அல்லது மூன்றாண்டுக்குள் கட்டுவது. இரண்டு, 54இசி பத்திரங்கள். ஆர்இசி, பிஎஃப்சி, ஐஆர்எஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் பத்திரத்தில் விற்ற ஆறு மாதத்துக்குள் ஆளுக்கு 50 லட்சம் வரை போடுவது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இரண்டும் உண்டு. ஒரு விஷயத்தை ஆடிட்டர்கூடச் சில சமயம் சொல்ல மறந்துவிடுவார். முழு விலக்கு வேண்டுமென்றால், முதலீடு செய்ய வேண்டிய தொகை குறியீட்டுக்கு முந்தைய லாபம். தங்கையின் கணக்கில் அது 19.5 லட்சம். குறியீட்டுக் கணக்கின் 11.22 லட்சத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. தங்கை கோவையில் வாடகைக்கு இருக்கிறார், எப்படியும் வீடு வாங்கத்தான் போகிறார் என்றால் பிரிவு 54 வரம். யோசிக்கவே வேண்டாம். ஆனால் வரியை மிச்சப்படுத்துவதற்காகவே ஒரு வீட்டைத் தேடிப்போகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டைக் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் வீட்டுக்கு இதுவே 3.6 லட்சம். மிச்சப்படுத்தப் போன வரி 2.33 லட்சம். அதற்கு மேல், பங்கு போக மீதி 17.5 லட்சத்துக்குக் கடன், அதற்கு மாதத் தவணை. வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகையும் பறிபோகும்.

54இசி பத்திரத்தின் கணக்கு வேறு. வட்டி 5.25 சதவீதம்தான், ஐந்து ஆண்டுக்கு எடுக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, வட்டிக்கு வரியும் உண்டு. கேட்டால் மந்தமாகத்தான் தெரியும். ஆனால் போட்டுப் பாருங்கள். 19.5 லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 5.12 லட்சம். பதிலாக 2.33 லட்சம் வரியைக் கட்டிவிட்டு மீதி 17.17 லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால் ஐந்தாண்டு வட்டி ஏறத்தாழ 6 லட்சம். வட்டியில் 90 ஆயிரம் கூடுதல், வரியில் 2.33 லட்சம் இழப்பு. கூட்டு வட்டியைச் சேர்த்தாலும் பத்திரம்தான் முன்னால் நிற்கிறது. ஐந்தாண்டுக்கு அந்தப் பணம் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவருக்கு நான் பத்திரத்தைத்தான் சொல்வேன். பெண்ணின் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ எதிரே நிற்கிறவருக்கு, வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைக் கையில் வையுங்கள் என்பேன். வரி கட்டுவது தோல்வி இல்லை.

வீடு வாங்கும் எண்ணம் உண்டு, ஆனால் இன்னும் அமையவில்லை என்றால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சலுகை போச்சு.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. வழிகாட்டி மதிப்பில் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைத்து விற்றால், வரி வழிகாட்டி மதிப்பின் மீதுதான். வாங்குகிறவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாகிவிடும். 2017-இல் தமிழ்நாட்டில் 33 சதவீதம் குறைத்த வழிகாட்டி மதிப்பை 2023-இல் பழையபடி உயர்த்திவிட்டதால், உள்சந்து வீடுகளுக்கு இந்தச் சிக்கல் நிஜமாகவே வருகிறது. உங்கள் வீட்டுக்குச் சந்தை விலையே குறைவு என்றால், மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கணக்கு விசாரணையில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொன்று, 'பிளாக்' பணம். வீட்டுக் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விழும். முழுத் தொகையையும் வங்கி வழியாக வாங்குங்கள். முழு விலையையும் கிரயப் பத்திரத்தில் காட்டினால் வருவது 12.5 சதவீத வரிதான், ஒளிக்கிற அளவுக்குப் பெரிய பாரம் இல்லை.

அம்மாவிடம் பான் கார்டு இருக்கிறதா என்று அக்ரிமென்ட் போடும் முன்பே பாருங்கள். 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட கிரயத்தில் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பேரில் முன்கூட்டியே கட்டும் வரி) பிடிக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இந்த 50 லட்சம் எல்லாருடைய பங்கையும் சேர்த்துப் பார்ப்பது. பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள். தம்பியின் பங்கில் இன்னும் கடுமை. வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் 12.5 சதவீதமும் செஸ்ஸும், அதுவும் நடைமுறையில் லாபத்தின் மீது இல்லாமல் மொத்தப் பங்கின் மீது பிடித்துவிடுவார்கள். அவர் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்றுக்கு விண்ணப்பித்தால் சரியான தொகை மட்டும் போகும். இந்தச் சான்று வருவதற்கு நாளாகும். கிரயத் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

மூத்தவரே எடுத்துக்கொண்டால்

என் கணிப்பில் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துவது இந்த வழிதான். ஆனால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

அம்மாவோடு இருப்பவர் மூத்தவர். தங்கைக்குப் பணம் தேவை, வீடு தேவையில்லை. தங்கையின் பங்கை அண்ணன் 22.5 லட்சம் கொடுத்து எடுத்துக்கொள்கிறார். பத்திர எழுத்தரிடம் போனால் "விடுதலைப் பத்திரம் போட்டுடலாம் சார், செலவே இல்ல" என்பார். தன் பங்கின் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதுவதுதான் விடுதலைப் பத்திரம். எழுத்தர் சொல்வது பதிவுத்துறைக்குச் சரி. கிரயமாக எழுதினால் 22.5 லட்சத்துக்கு 9 சதவீதம், அதாவது 2 லட்சத்துக்கு மேல். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இந்தக் கணக்கில் 22,500-ம் 10,000-மாக 32,500 ரூபாயில் வேலை முடிகிறது.

ஆனால் வருமான வரித்துறை பத்திரத்தின் தலைப்பைப் பார்ப்பதில்லை, பணம் கைமாறியதா என்பதைப் பார்க்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பங்கை விட்டால் அது விற்பனைதான். தங்கைக்கு வெளியாளுக்கு விற்றது போலவே 2.33 லட்சம் வரி, அதே 54-உம் 54இசி-யும் அவருக்கும் உண்டு. அண்ணனுக்காக மனசிரங்கி 15 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டாலும், அந்தப் பங்கின் வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் என்றால் வரி 20 லட்சத்தின் மீது. தங்கை குறைத்து வாங்கிவிட்டு அதிகத்துக்கு வரியும் கட்டுவது நியாயமே இல்லை. தொகையைப் பேசும்போதே வழிகாட்டி மதிப்பை நடுவில் வைத்துப் பேசுங்கள்.

பணமே வாங்காமல் தங்கை பங்கை விட்டுக்கொடுத்தால்? அப்போது வரி இல்லை, உடன்பிறந்தவருக்குக் கொடுக்கும் தானம் அது. இங்கேதான் யாரும் அண்ணனுக்குச் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. இலவசமாக வந்த பங்குக்கு அவருடைய அடக்க விலை அப்பாவின் பழைய விலையே. பத்தாண்டு கழித்து அவர் வீட்டை விற்றால், தங்கையின் பங்குக்கான லாபத்துக்கும் சேர்த்து அவரே வரி கட்ட வேண்டும். பணம் கொடுத்து வாங்கியிருந்தால், அந்தப் பங்குக்கு அடக்க விலை 22.5 லட்சம் என்று நிற்கும். ஒரே வீடு, நான்கு பங்கு. ஒரு பங்குக்கு 3 லட்சம் அடக்கம், இன்னொரு பங்குக்கு 22.5 லட்சம். வரி மறைவதில்லை, தங்கையிடம் நிற்கிறதா அண்ணனிடம் நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால்தான், "பத்திரத்தில் அன்பின் பேரில் விட்டதாக எழுதிவிட்டு, பணத்தைத் தனியாகக் கொடுத்துவிடலாம்" என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அண்ணன் பிற்காலத்தில் 22.5 லட்சம் கொடுத்ததைக் காட்ட முடியாது. தங்கையின் கணக்கில் அதே வாரத்தில் வந்த தொகையை அதிகாரி பத்திரத்தோடு சேர்த்துப் படிப்பார். உண்மையை அப்படியே எழுதி, வங்கி மூலம் கொடுத்து, வரியையும் கட்டிவிட்டால் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அண்ணனுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அவர் வேறொரு வீட்டை விற்ற ஆதாயத்தில் உடன்பிறந்தவரின் பங்கை வாங்கினால், அதுவும் வீடு வாங்கியதாகவே கருதப்படும். விடுதலைப் பத்திரமாக இருந்தாலும் விலை கொடுத்திருந்தால் அது வாங்கியதுதான் என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தம்பியின் பங்கை விலைக்கு எடுக்கும்போது மறக்கக் கூடாதது: தங்கையின் 22.5 லட்சத்துக்கு டிடிஎஸ் இல்லை, ஏனென்றால் 50 லட்சத்துக்குக் கீழே. தம்பிக்கு அந்த வரம்பே கிடையாது. சொந்தத் தம்பி என்றாலும், வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அண்ணன் டிடிஎஸ் பிடித்துக் கட்டியே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் பொறுப்பு அண்ணன் தலையில். பிறகு தம்பி பணத்தை அங்கே அனுப்புவது வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வழியாக, ஆண்டுக்கு பத்து லட்சம் டாலர் வரை. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லாததால் அவருக்கு இங்கே கட்டியதோடு கணக்கு முடிந்தது.

அப்பா வீட்டோடு நிலமும், வேறு மனையும், வைப்பும் விட்டுப்போயிருந்தால் வழி இன்னும் சுலபம். வீடு உனக்கு, மனை எனக்கு என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக்கொள்வது ஏற்கெனவே உள்ள உரிமையைப் பிரித்துக்கொள்வதே. அது விற்பனை ஆகாது. உண்மையான குடும்ப ஏற்பாடு சொத்து மாற்றம் ஆகாது என்ற கொள்கையை 1976-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, சென்னை உயர் நீதிமன்றமும் வரி வழக்கில் அதைப் பின்பற்றியிருக்கிறது. ஆனால் இருப்பது ஒரே வீடு, ஒருவர் வீட்டையும் மற்றவர் முழுக்கப் பணத்தையும் எடுக்கிறார் என்றால், 'குடும்ப ஏற்பாடு' என்று தலைப்பு வைத்துவிட்டு வரியிலிருந்து தப்பலாம் என்று நம்பாதீர்கள். வாதாட இடம் இருக்கலாம். இரண்டு லட்ச வரிக்குப் பத்து வருஷம் வழக்கு நடத்துவது யாருக்கு லாபம்?

கட்டுமானக்காரரோடு சேர்வது

மனையைக் கட்டுமானக்காரரிடம் கொடுத்து, அவர் கட்டும் ஃப்ளாட்டுகளில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது இது. மதுரை வீட்டுக்கு இது பொருந்தாது. சென்னையில் மாம்பலம், நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் பழைய வீடு இருந்தால் கட்டாயம் யோசிக்கலாம். ஒப்பந்தம் பதிவானதுமே வரி கட்ட வேண்டியதில்லை. தனிநபர்களுக்கு, கட்டி முடித்த சான்றிதழ் வரும் ஆண்டில்தான் வரி. உங்களுக்குக் கிடைக்கும் பங்கின் அன்றைய வழிகாட்டி மதிப்பையும் கையில் வாங்கிய ரொக்கத்தையும் சேர்த்துக் கணக்கு. ஒருவரே இரண்டு மூன்று ஃப்ளாட் வாங்கினால் 54-இல் ஒன்றுக்குத்தான் பொதுவாக விலக்கு. ஆதாயம் 2 கோடிக்குள் இருந்தால் வாழ்நாளில் ஒரே முறை இரண்டு வீடு. நான்கு வாரிசுகளும் ஆளுக்கொரு ஃப்ளாட் எடுத்துக்கொண்டால் இந்தச் சட்டத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. சான்றிதழ் வரும் முன் உங்கள் பங்கை விற்றால் அந்த ஆண்டே வரி வந்துவிடும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ளுங்கள். கட்டுமானக்காரர் நடுவில் நிறுத்திவிட்டால் அம்மா எத்தனை வருஷம் வாடகை வீட்டில் இருப்பார் என்பதுதான் வரியைவிடப் பெரிய கேள்வி.

அப்படியே வைத்திருப்பது

வரி இல்லை, அவசரமும் இல்லை. வாடகைக்கு விட்டால் வருமானத்தை நால்வரும் பிரித்துக் காட்டி ஆளுக்கு 30 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 90 லட்ச வீட்டுக்கு மாதம் 12,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1.6 சதவீதம்கூட முழுசாகத் தேறாது, ஒழுகும் தளத்துக்கே அது போய்விடும். தாமதிப்பதில் உள்ள ஆபத்து ஆள் கணக்கு. வாரிசுகளில் ஒருவர் இறந்தால் அவர் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு கையெழுத்து ஏழாகும், ஏழு பதினொன்றாகும். வைத்திருப்பதுதான் முடிவு என்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவையும் சொத்து வரியையும் நால்வர் பெயருக்கும் இப்போதே மாற்றிவையுங்கள். 2001 மதிப்பீட்டு அறிக்கையையும் அன்றே வாங்கிவிடுங்கள். பழைய மதிப்பு விவரம் வருஷம் போகப் போகத் தேடக் கிடைக்காது.

மதுரைக் குடும்பத்துக்கு என் யோசனை இது. அம்மா அந்த வீட்டில் இருக்க விரும்பும்வரை வெளியாளுக்கு விற்க வேண்டாம். தங்கையின் பங்கை மூத்தவர் வழிகாட்டி மதிப்புக்குக் குறையாமல், விடுதலைப் பத்திரத்தில் தொகையை எழுதி, வங்கி மூலம் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். தங்கைக்குப் பணம் உடனே தேவையில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் 54இசி. தம்பிக்கு அவசரம் இல்லை, அவர் பங்கு அப்படியே இருக்கலாம்.

அம்மாவின் பங்கு அம்மா பெயரிலேயே இருக்கட்டும். "உங்க பங்கையும் சேர்த்து எழுதிட்டா ஒரே செலவுல முடிஞ்சிடும்மா" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கைரேகை வைக்கச் சொல்கிற வழக்கம் நம் ஊரில் அதிகம். அதில் மிச்சமாவது சில ஆயிரம் ரூபாய் பதிவுச் செலவு. மூலதன ஆதாய வரியில் ஒரு ரூபாயும் இல்லை, ஏனென்றால் அவர் விற்கவே இல்லை. அவரே விரும்பி எழுதித் தருவதானால், விடுதலைப் பத்திரம் வேண்டாம், தானசெட்டில்மெண்டாக எழுதுங்கள். அவர் வாழ்நாள் முழுதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், அவரைப் பராமரிப்பது எழுதி வாங்குபவரின் கடமை என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பராமரிப்பு நின்றுபோனால், மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது, முதலில் தேடப்படுவது அந்த நிபந்தனைதான்.